யார் அநாதை?

(செங்கற்பட்டுத் தோழர்களிடையே நிகழ்த்திய உரை)



செங்கற்பட்டு என்றதும் நம் இயக்கத்தார் நெஞ்சில் எழும் நினைவு ஒன்று உண்டு. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17, 18 ஆகிய நாட்களில், சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு இந்த ஊரில் கூடிற்று. சவுந்தரபாண்டியனார் தலைமை தாங்கினார். ஆணுக்கு நிகராகப் பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று அன்று தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானம் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989-இல் தமிழகச் சட்டமன்றம் அதை நிறைவேற்றியது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கும் அந்தத் தீர்மானத்துக்கும் தொடர்பு உண்டு. கணவன் மறைந்த மறுநாள் கையிலே காசின்றி, காலூன்ற நிலமின்றி நிற்கும் பெண்தான், பெற்ற பிள்ளையைப் பிறர் வாசலில் விட்டுவரும் நிலைக்கு ஆளாகிறாள். பிள்ளை உள்ளே போகிறது, கதவு மூடுகிறது, அன்றுமுதல் ஊர் அதற்கு ஒரு பெயர் சூட்டுகிறது: அநாதை. தாய் உயிரோடு இருக்கிறாள்! ஆயினும் பிள்ளை அநாதை! இந்த விந்தையைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

கோவளத்திலிருந்து தெற்கே செல்லுங்கள். பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று கடலோரத்து ஊர்கள் வரிசையாக வருகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இந்தக் கரையையும் அடித்தது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்கள் மாண்டன. நாகை மாவட்டம் பட்ட துயரம் அளவில் மிகப் பெரிது. ஆயினும் இங்கும் படகு போயிற்று, வலை போயிற்று, வீடு போயிற்று. உலகமெங்கும் இருந்து உதவி வந்தது. நெஞ்சுருகி நிதி தந்தவர்களை நாம் நன்றியோடு நினைக்கிறோம். அவர்கள் தந்த பணத்தால் படகுகள் மீண்டும் கடல் கண்டன, வீடுகள் எழுந்தன. ஆனால் அதே நிதியின் ஒரு பகுதி, ‘ஆதரவற்ற குழந்தைகள் இல்லம்’ என்ற பெயர்ப்பலகைகளாகவும் உருவெடுத்தது.

இல்லம் நடத்துவோர் எல்லோரும் தீயோர் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது நன்றி கொன்ற பேச்சாகும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கியபோது, தேவதாசி முறையிலிருந்து விடுபட்டு வந்த பெண்களுக்கு ஒதுங்க ஓரிடம் இல்லை. சாதி பார்த்து விடுதிக் கதவுகள் மூடப்பட்ட காலம் அது. அம்மையார் தம் வீட்டுக் கதவைத் திறந்தார். அதுபோல் தூய உள்ளத்தோடு நடத்தப்படும் இல்லங்கள் இன்றும் உண்டு. கேள்வி நடத்துவோரின் உள்ளத்தைப் பற்றியதன்று. அந்த இல்லங்களில் இருக்கும் குழந்தைகள் யார் என்பதே கேள்வி.

உலகெங்கும் இதை ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை ஒன்றே. இல்லங்களில் வளரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ, ஒருவரேனும் உயிரோடு இருக்கிறார். அப்படியானால் அந்தப் பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பியது எது? சாவு அன்று, வறுமை.

எண்ணிப் பாருங்கள். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அல்லது திரும்பினான், குடித்தே மாண்டான். இரண்டு பிள்ளைகள். மீன் விற்கும் கூடை ஒன்றுதான் தாயின் சொத்து. ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கரைக்கு வரும் மீன் குறையும், கூடை இலேசாகும். கடன் வாங்குகிறாள். வட்டி கட்ட முடியவில்லை. விடியுமுன் ஏலத்துக்குப் போகவேண்டும்; பெண்பிள்ளையைக் குடிசையில் தனியே விட்டுப் போக அச்சம். அந்த நேரத்தில் ஒருவர் வருகிறார். நல்ல உடை, நயமான பேச்சு. “அம்மா, பிள்ளையை எங்களிடம் விடுங்கள். படிப்பு, உணவு, உடை எல்லாம் இலவசம்” என்கிறார். அவள் கண்ணீரோடு கையொப்பம் இடுகிறாள்; அல்லது கைநாட்டு வைக்கிறாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் படித்துச் சொல்வார் யார்?

பிள்ளையை அழைத்துப் போனவர் கொடியவர் அல்லர் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கும் ஒரு நெருக்கடி இருக்கிறது. கடல் கடந்து வாழும் நன்கொடையாளர், தலைக்கு இவ்வளவு என்று அனுப்புகிறார். கட்டில் நிறைந்தால் காசு வரும். கட்டில் காலியானால் காசு நிற்கும். பிள்ளையைத் தாயிடம் திருப்பி அனுப்பினால் வரவு குறையும். நல்லவரே நடத்தினாலும், இந்தக் கணக்கு அவரை ஒரு பக்கமாகவே இழுக்கும். தாய்க்கு மாதம் இவ்வளவு கொடுத்தால் பிள்ளை வீட்டிலேயே இருக்குமே என்ற யோசனைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. தாய்க்குக் கொடுத்த பணத்தைப் படம் பிடித்து அனுப்ப முடியாது. கட்டடத்தைப் படம் பிடிக்கலாம். வரிசையாய் உட்கார்ந்து பாடும் பிள்ளைகளைப் படம் பிடிக்கலாம்.

நடத்துபவர் தீயவராகவும் இருந்துவிட்டால்? அந்தக் கேள்வி உச்சநீதிமன்றம்வரை சென்றது, தோழர்களே! தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாகிறார்கள் என்று ஓர் ஏட்டில் கட்டுரை வந்தது. 2007-இல் அது வழக்காயிற்று. அந்தக் கட்டுரை பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ஊர் எது தெரியுமா? நம் மாமல்லபுரம்! கல்லிலே கலை கண்ட ஊர், உலகத்தார் வந்து வியக்கும் ஊர், நாட்டின் தலைமை நீதிமன்றத்தில் இந்தக் குற்றச்சாட்டோடு சேர்த்துப் பேசப்பட்டது. பத்தாண்டுகள் நடந்த அந்த வழக்கில், 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோகூரும் தீபக் குப்தாவும் தீர்ப்பளித்தனர். எல்லா இல்லங்களும் அவ்வாண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே பராமரிப்புத் திட்டம் வகுக்க வேண்டும். இல்லங்களைச் சமூகத் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும். இல்லத்தில் வைப்பதை விடுத்து வேறு வழி உண்டா என்று நாட வேண்டும் என்றெல்லாம் கட்டளையிட்டனர்.

அதன்பின் நடந்ததையும் கேளுங்கள். 2018 ஆகஸ்டில் அதே நீதிமன்றத்தின் முன் இரண்டு கணக்குகள் நின்றன. 2016-17-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் இல்லங்களில் இருந்த குழந்தைகள் 4 இலட்சத்து 73 ஆயிரம். பின்னர் மைய அரசு கொடுத்த கணக்கில் 2 இலட்சத்து 61 ஆயிரம். மீதி இரண்டு இலட்சம் குழந்தைகள் எங்கே என்று நீதிபதிகள் கேட்டனர். கணக்குப் பிழையா, காணாமற் போனார்களா? ஆடு மாடு தொலைந்தால் ஊரெல்லாம் தேடுகிறோம். இரண்டு இலட்சம் குழந்தைகள் ஏட்டிலிருந்து மறைந்தால், அது செய்தித்தாளில் ஒரு நாள் செய்தி!

“தனியார் இல்லம் வேண்டாம், எல்லாவற்றையும் அரசே நடத்தட்டும்” என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்துக்கும் இந்தச் செங்கற்பட்டே விடை சொல்கிறது. 1887-இல் ஆங்கில அரசு இங்கே சிறுவர் சீர்திருத்தப் பள்ளியை நிறுவியது. 1920-இல் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அத்தகைய சட்டங்களில் அதுவே முதல். நூற்றாண்டுப் பெருமை! ஆனால் 2022 டிசம்பர் 31 அன்று, திருட்டுக் குற்றம் சாட்டி இங்குள்ள அரசினர் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அடித்துக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டி, இல்லப் பணியாளர் ஆறு பேரைக் காவல்துறை கைது செய்தது. ஒரு தாயின் மகன் அவன். மாநில அரசு நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழு அமைத்தது. இல்லங்களின் நிருவாகத்தை அடியோடு மாற்றவேண்டும் என்று அவர் 2023-இல் அறிக்கை தந்தார். பெயர்ப்பலகையில் ‘அரசு’ என்று எழுதியதால் மட்டும் மதிற்சுவர் தாய்மடி ஆகிவிடாது. வெளியார் கண் படாத சுவர் யாருடையதாயினும், அதற்குள் வலியவன் எளியவனை வதைக்க வழி உண்டு.

சுவருக்குள்ளே அடியும் இல்லை, பசியும் இல்லை என்றே கொள்வோம். அப்போதும் போதாது. ருமேனியா நாட்டில் சவுசெஸ்குவின் ஆட்சி 1989-இல் வீழ்ந்தபோது, இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அரசு விடுதிகளில் இருந்ததை உலகம் கண்டது. அந்நாட்டுத் தலைநகரில் அமெரிக்க அறிஞர்கள் 136 குழந்தைகளைத் தேர்ந்து, பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். பாதிப்பேர் விடுதியிலேயே இருந்தனர். ஆண்டுக்கணக்கில் கவனித்தனர். குடும்பத்துக்குச் சென்ற குழந்தைகளின் அறிவும் அன்பும் தழைத்தன. இரண்டு வயதுக்கு முன்பே சென்றவர்கள் மிக நன்றாகத் தேறினர். சோறும் துணியும் மட்டும் குழந்தையை வளர்ப்பதில்லை. தன் பெயர் சொல்லி அழைக்க, தன் அழுகையின் பொருள் அறிய, ஒருவர் வேண்டும். 2009-இல் ஐக்கிய நாடுகள் அவை இதை நெறியாகவே வகுத்தது: வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது. நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும், இல்லத்தில் சேர்ப்பது இறுதி வழியாகவே இருக்கவேண்டும் என்கிறது. ஆனால் ஏழைத் தாய்க்கு அதுவே முதல் வழியாகக் காட்டப்படுகிறதே!

தோழர்களே! இரக்கம் வேறு, உரிமை வேறு. இரக்கம் கொடுப்பவன் மனநிலையைப் பொறுத்தது. இன்று இருக்கும், நாளை இராது. 2021 அக்டோபரில் மாமல்லபுரத்துக் கோயிலில் அன்னதானப் பந்தி. குழந்தையோடு வந்த நரிக்குறவப் பெண் ஒருத்தி அங்கிருந்து விரட்டப்பட்டாள். தானம் என்று சொல்லிப் போட்ட சோற்றுக்கே சாதி பார்த்தார்கள்! அவள் அந்த அவமானத்தை உலகறியச் சொன்னாள். அறநிலையத்துறை அமைச்சர் வந்து அவளோடு அமர்ந்து உண்டார். அந்தத் தீபாவளி நாளில், நவம்பர் 4 அன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் வழங்கினார். பந்தியில் ஓர் இலை என்பது இரக்கம். பட்டா உரிமை. இலையை எடுத்துவிடலாம், பட்டாவை எடுப்பது எளிதன்று.

பள்ளிச் சாப்பாட்டின் வரலாறும் இதையே சொல்கிறது. 1920-இல் நீதிக்கட்சியின் தியாகராயர் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தந்தார். 1956-இல் காமராசர் அதை மாநிலமெங்கும் விரித்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக வளர்த்தார். 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், காலை உணவும் சேர்ந்தது. மாற்றார் செய்ததாயினும் நல்லதை நல்லது என்போம். இந்த உணவை உண்ண எந்தப் பிள்ளையும் ‘நான் அநாதை’ என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. காலையும் பகலும் பள்ளியில் உண்டு மாலையில் தாயிடம் திரும்பும் பிள்ளை, சோற்றுக்காக இல்லத்துக்குப் போகத் தேவையில்லை. ஆயிரம் இல்லங்களைக் கட்டாமல் தடுத்தது அந்தச் சத்துணவுக்கூடம்!

குடும்பம் நிமிர்ந்தால் குழந்தை நிலைக்கும் என்பதற்கு இதே கடற்கரையில் இன்னொரு சான்று. பாம்புத்தோல் வாணிகம் தடை செய்யப்பட்டபோது, பாம்பு பிடித்தே வாழ்ந்த இருளர்களின் பிழைப்புப் போயிற்று. 1978-இல் வடநெம்மேலியில் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. கொன்று தோலுரித்த கைகள், பிடித்து நஞ்செடுத்துப் பாம்பை மீண்டும் காட்டில் விட்டன. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சு, பாம்புக்கடி மருந்தாகி நாடெங்கும் உயிர் காக்கிறது. அங்கே அவர்களுக்குக் கிடைத்தது பிச்சை அன்று. அவர்கள் அறிந்த தொழிலுக்கு உரிய விலை. இதற்கு மாறாக, செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் வாங்கிச் சிக்கிய இருளர் குடும்பங்கள் என்ன கண்டன? 1976-இல் கொத்தடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் அதற்குப் பின்னும், ஆண்டு பல கடந்தும், இந்த வட்டாரத்தில் குடும்பம் குடும்பமாக மீட்கப்பட்டார்கள். மீட்ட மறுநாள் வேலையும் வீடும் இல்லையானால், அவர்கள் மீண்டும் முன்பணத்துக்கே கை நீட்டுவார்கள். பிள்ளைகள் சூளையில் கல் சுமப்பார்கள்.

சரி, இதற்கு வழி என்ன? வழி ஓரளவு போடப்பட்டே இருக்கிறது. விதவைத் தாய், கைவிடப்பட்ட தாய், கொடிய நோயில் வீழ்ந்த பெற்றோர், உறவினர் வீட்டில் வளரும் பெற்றோரற்ற பிள்ளை ஆகியோருக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு என்று 2022-இல் விதி வகுத்தார்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, பிற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது என்றார்கள். கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 இலட்சம் ரூபாய் வைப்புநிதி என்று 2021-இல் மாநில அரசு அறிவித்தது. 2025 செப்டம்பர் 15 அன்று ‘அன்புக் கரங்கள்’ என்ற பெயரில், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் தரும் திட்டம் தொடங்கிற்று. பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்க இவையெல்லாம் துணை.

ஆனால் திட்டம் சென்னையிலும் தில்லியிலும் இருக்கிறது. தாய் கொக்கிலமேட்டில் இருக்கிறாள்! நடுவிலே இறப்புச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் என்று அகழிகள். பிள்ளையை இல்லத்துக்குக் கொண்டுபோகிறவர் அவள் வீட்டு வாசலுக்கே வருகிறார். பிள்ளையை அவளிடமே இருக்கச் செய்யும் உதவியோ, மாவட்டத் தலைநகரில் ஓர் அறையில் அமர்ந்து அவள் வரவை எதிர்நோக்குகிறது. இந்த ஓட்டத்தில் யார் முந்துவார் என்று சொல்லவும் வேண்டுமா?

அந்த இடைவெளியை நிரப்புவதுதான் உங்கள் வேலை. முதலாவதாக, உங்கள் வட்டத்தில், உங்கள் குப்பத்தில், உங்கள் சேரியில் தந்தையை இழந்த வீடு எது, தாய் நோயுற்ற வீடு எது, சூளைக்குப் போய்த் திரும்பிய குடும்பம் எது என்று அறிந்து வையுங்கள். வாக்காளர் பட்டியலை வீடு வீடாக அறிந்தவர்களுக்கு இது கடினமா? இரண்டாவதாக, அந்தத் தாயோடு நீங்களே செங்கற்பட்டுக்கு வந்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுங்கள். ஒருமுறை கொடுத்து ஓயாமல், ஆணை வரும்வரை செல்லுங்கள். மூன்றாவதாக, உங்கள் ஊராட்சியின் குழந்தைகள் பாதுகாப்புக் குழு கடைசியாகக் கூடியது எப்போது என்று கேளுங்கள். நான்காவதாக, யாரேனும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு போவதாக அறிந்தால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். தனித்து விடப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் நிறுத்தவேண்டும் என்பது சட்டம். பதிவின்றி இல்லம் நடத்துவது தண்டனைக்குரிய குற்றம்.

ஐந்தாவது ஒன்று உண்டு. அது நமக்கே கசக்கும். தலைவர் பிறந்தநாள் வந்தால் நம் தோழர்கள் என்ன செய்கிறார்கள்? அருகிலுள்ள இல்லத்துக்குச் செல்கிறார்கள். கேக் வெட்டுகிறார்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, உணவுப் பொட்டலம் கொடுத்துப் படம் பிடிக்கிறார்கள். மறுநாள் அந்தப் படம் ஊரெல்லாம் பரவுகிறது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தீர்களா? ஒரு பொட்டலத்துக்கு விலையாகத் தன் முகத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறது அது. நாளை பள்ளியில் ‘நீ அநாதை அல்லவா, படத்தில் பார்த்தேன்’ என்று பிற பிள்ளைகள் கேட்கும். இத்தகைய குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும், சுயமரியாதையைக் கொள்கையாகக் கொண்ட இயக்கம், ஒரு சிறுபிள்ளையின் சுயமரியாதையைப் பறித்துத் தலைவருக்கு மாலை சூட்டலாமா?

இல்லத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போங்கள், படக்கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். போய், நடத்துபவரிடம் பணிவோடு சில கேள்விகள் கேளுங்கள். பதிவுச் சான்று உண்டா? ஒவ்வொரு பிள்ளைக்கும் நலக்குழுவின் ஆணை உண்டா? இவர்களில் தாய் தந்தை உள்ளவர் எத்தனை பேர்? அவர்கள் கடைசியாக வந்து பார்த்தது எப்போது? சென்ற ஆண்டு எத்தனை பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினீர்கள்? நல்ல இல்லம் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ந்து விடை தரும். விடை தரத் தயங்கும் இல்லத்தைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள்.

உண்மையிலேயே யாருமற்ற பிள்ளைகளும், சொந்த வீட்டிலேயே வதைபடும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும். உறவினர், வளர்ப்புக் குடும்பம், தத்தெடுப்பு என்ற வழிகளை முதலில் நாடவேண்டும். அவை இல்லாதபோது நல்ல இல்லம் வேண்டும். அந்தப் பணியைச் செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கு நாம் தோள் கொடுப்போம். தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம், குடிப்பழக்கத்திலிருந்து தந்தையை மீட்கும் மருத்துவம், அடிபட்ட பெண் சிலநாள் தங்கப் புகலிடம் என்று குடும்பத்தைத் தாங்கும் தொண்டுகள் பெருகட்டும். கொடுக்க மனமுள்ள செல்வர்களிடமும் இதையே சொல்லுங்கள்: கட்டடத்துக்குக் கொடுப்பதைத் தாயின் கைக்குக் கொடுங்கள், உங்கள் பெயர் கல்லில் பொறிக்கப்படாது, ஆனால் ஒரு பிள்ளை தன் வீட்டில் உறங்கும்.

1929-இல் இந்த ஊரில் கூடியவர்கள் பெண்ணுக்குச் சொத்தில் பங்கு கேட்டார்கள், இரங்கல் கேட்கவில்லை. 2019-இல் தனி மாவட்டமாகிவிட்ட இந்தச் செங்கற்பட்டில் நாம் கேட்பதும் பெரிதன்று. வறுமை என்ற ஒரே குற்றத்துக்காக எந்தத் தாயும் தன் பிள்ளையை இழக்கக்கூடாது, அவ்வளவுதான். வருகிற ஞாயிறன்று உங்கள் கிளைக் கூட்டத்தில் முதற்பொருளாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் அத்தகைய வீடு ஒன்று உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால், திங்கட்கிழமை காலை அந்தத் தாயோடு புறப்படுங்கள்.